மார்பின் அசைவும் மூச்சின் வலிமையும்



உயிரையும் மூச்சையும் ஒன்றாகவே வைத்து எண்ணியவர் நம் முன்னோர். ஒருவர் இறந்தார் என்பதை மூச்சு நின்றது என்கிறோம். ஒருவர் ஒரு பணியிலே முழு மனத்துடன் ஈடுபட்டிருப்பின், அதுவே அவருக்கு மூச்சு என்கிறோம். எனினும், ஒரு பகலும் ஓரிரவும் கழிவதற்குள் ஏறக்குறைய 20,000 தடவை நிகழும் இச்செயலைப் பற்றி நாம் ஒரு தடவையேனும் நின்று சிந்திப்பதில்லை. அது தடைப்படும்போதுதான் அதன் அருமை தெரிகின்றது.

உணவுக்குழாயிலே பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டவருடைய மூச்சும் மார்பின் அசைவும் எவ்வாறு மாறுகின்றன, அவை எவ்வாறு மீள்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் மருத்துவன் அல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராக இருப்பவன். மருத்துவர் தம் மொழியிற் கூறுவதை வீட்டார் மொழியிற் கூற வேண்டிய தேவை எங்கள் ஊர்களில் உண்டு. அத்தேவையே என்னை இங்கு பேச வைத்திருக்கின்றது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே, ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள தசைக்குழாய் ஒன்று உண்டு. பாடசாலை நூல்களிலே களம் எனப்படுவது இதுவே. இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இக்குழாயிற் தோன்றும் புற்றுநோயும் ஒன்றாகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லுதல், புகைபிடித்தல், மது அருந்துதல் ஆகியன இதற்குக் காரணங்கள் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறிவித்தது. கற்பிட்டி முதல் உடப்பு, சிலாபம் வரையுள்ள எங்கள் கரையிலே, இரவிற் கடலுக்குப் போகிறவனும் வெயிலில் உப்பளத்தில் நிற்பவனும் வாயில் வெற்றிலை இன்றி இருப்பது அரிது. ஆகவே இது எங்கோ தொலைவிலுள்ளோரின் நோய் அன்று.

நோய் முற்றியோர் எல்லார்க்கும் சத்திரசிகிச்சை பொருந்துவதில்லை. பொருந்துவோர்க்கு, பெரும்பாலும் மருந்தும் கதிர்ச்சிகிச்சையும் முன்னரே கொடுத்து, பின்னர் நோயுற்ற குழாயை நீக்குகின்றனர். நீக்கிய குழாய்க்குப் பதிலாக எதனை வைப்பது? இரைப்பையையே ஒரு குழாய்போல் ஒடுக்கி, மேலே இழுத்து, எஞ்சிய குழாயுடன் மார்புக்குள்ளேயோ கழுத்திலேயோ பொருத்துகின்றனர். இதற்கு வயிற்றையும் திறத்தல் வேண்டும். பல வேளைகளில் மார்பையும் திறத்தல் வேண்டும். மூச்சின் துன்பம் தொடங்குவது இங்கேதான்.

மார்பைத் திறப்பதில் என்ன இடர்? நெஞ்சறையை ஒரு கூடாகக் கொள்வோம். பக்கங்களிலே பன்னிரண்டு சோடி விலா எலும்புகள். அடியிலே பிரிமென்றகடு என்னும் குவிந்த தசைத்தட்டு. நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது அத்தட்டு கீழே தாழ்கின்றது. வாளியின் கைப்பிடியைத் தூக்கும்போது அது பக்கமாக விலகி எழுவதுபோல விலா எலும்புகளும் எழுகின்றன. கூடு விரிய, நுரையீரலும் விரிகின்றது. நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் இல்லை. அதனைச் சூழ்ந்த இரு மென்சவ்வுகளுக்கு இடையே வெளிக்காற்றினும் குறைந்த அமுக்கம் நிலவுவதாலேயே அது விரிந்து நிற்கின்றது. மார்பிலே துளை விழுந்து வெளிக்காற்றுப் புகுந்தால், காற்றுப்போன பந்துபோல நுரையீரல் சுருங்கிவிடும்.

இந்த ஒரு காரணத்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையும் வயிற்றைத் துணிந்து திறந்த சத்திரவைத்தியர்கள் மார்பைத் திறக்க அஞ்சினர். 1904 ஆம் ஆண்டில் பெர்டினாண்ட் சவர்புரூக் என்னும் ஜேர்மனிய வைத்தியர் ஒரு விந்தையான அறையை அமைத்தார். நோயாளியின் உடலும் வைத்தியர்களும் அவ்வறைக்குள்ளே. நோயாளியின் தலை மட்டும் வெளியே. அறையின் காற்றமுக்கத்தைக் குறைத்துவிட்டால், மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருங்காது. 1909 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே மெல்ற்சர், ஆவர் என்னும் இருவர், மூச்சுக்குழாயினுள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக் காற்றை ஊதும் எளிய வழியைக் காட்டினர். அறை மறைந்தது, குழாய் நிலைத்தது. 1913 ஆம் ஆண்டில் அதே நகரில் பிரான்ஸ் டோரெக் என்பார், 67 வயதுப் பெண்மணி ஒருவரின் மார்பைத் திறந்து, புற்றுநோய் கொண்ட உணவுக்குழாயை வெற்றியுடன் நீக்கினார். இரைப்பையை மேலே இழுக்கும் முறை அன்று அவர் கையாளவில்லை. கழுத்துத் துளையையும் வயிற்றுத் துளையையும் உடலுக்கு வெளியே ஓர் இறப்பர்க் குழாயால் இணைத்து, அதன்வழியே அப்பெண்மணி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உணவு உட்கொண்டு வாழ்ந்தார். பின்னர் 1946 ஆம் ஆண்டில் ஐவர் லூயிஸ் என்னும் வேல்ஸ் நாட்டவர், வயிற்றையும் வலப்பக்க மார்பையும் திறந்து செய்யும் முறையை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே அம்முறை வழங்குகின்றது.

நேயர்களே, இவ்வரலாற்றிலே நாம் காண்பது யாது? உணவு செல்லும் வழியைச் சீர்செய்யப் புறப்பட்டவர்கள், மூச்சு செல்லும் வழியை முதலிற் காக்க வேண்டியவராயினர். அந்நிலை இன்றும் மாறவில்லை. இச்சத்திரசிகிச்சையின் பின் நேரும் பெருந்துன்பங்களுள் நுரையீரலைப் பற்றியனவே முன்னிற்கின்றன.

அதற்குரிய காரணங்கள் பல. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை வெட்டப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு மூச்சிலும் அவ்விடம் அசைய, வலிக்கின்றது. வயிற்றுத் தசையும் வெட்டப்பட்டிருக்கின்றது. இருமுவதற்கு வேண்டிய வலிமை அத்தசையிலிருந்தே வருவது. சத்திரசிகிச்சை நடக்கும் மணித்தியாலங்களில் ஒரு பக்க நுரையீரல் பெரும்பாலும் சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. முன்பு நுரையீரலுக்கு உரியதாயிருந்த இடத்தின் ஒரு பகுதியில் இப்பொழுது இரைப்பை குடியேறியிருக்கின்றது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகின்றது. அது ஊறுபட்டால் குரல் கம்மும், இருமல் வலுவிழக்கும், விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் வழுகக்கூடும். உணவு மேலே திரும்பாமற் காத்த இயற்கைத் தடுப்பும் நீங்கிவிட்டது. படுத்த நிலையில் இரைப்பைநீர் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும்.

இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு. பிரிமென்றகடு சாதாரண மூச்சில் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றரும், ஆழ்ந்த மூச்சிலே 10 சென்ரிமீற்றர் வரையும் தாழவல்லது. மேல்வயிற்றிற் பெரிய சத்திரசிகிச்சை நிகழ்ந்தபின் அது தன் தொழிலிற் சோர்ந்துவிடுகின்றது. வலியே இதற்குக் காரணம் என முன்னர் எண்ணினர். ஆனால் வலியை மருந்தால் நன்கு தணித்த பின்னும் அச்சோர்வு தொடர்வதை ஆய்வாளர் கண்டனர். உள்ளுறுப்புகளைத் தொட்டமையால் எழும் நரம்புச் செய்தி, தசையை அடக்கி வைக்கின்றது என்பது அவர்களின் விளக்கம். பிரிமென்றகடு சோர, மேல்மார்பும் கழுத்துத் தசைகளும் அதன் வேலையை ஏற்கின்றன. அதனால் நோயாளியின் மூச்சு விரைவாகவும் மேலோட்டமாகவும் ஆகின்றது. வயிறு அசைவதில்லை, தோள் மட்டும் ஏறி இறங்குகின்றது. ஒருவர் முழுமையாக உள்ளிழுத்து முழுமையாக வெளிவிடக்கூடிய காற்றின் அளவு, முதற் சில நாள்களில் ஏறத்தாழப் பாதியாகவும் அதனினும் குறைவாகவும் போவதுண்டு.

இனி, பெருமூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் யாரேனும் பெருமூச்சு விட்டால் ஏன் இந்தக் கவலை என்று கேட்கின்றோம். சிறுவர் விட்டால் கடிந்துகொள்கின்றோம். கவலையற்ற மனிதனும், தான் அறியாமலே, ஒவ்வொரு மணித்தியாலத்திலும் பல தடவை பெருமூச்சு விடுகின்றான் என்பது உடலியலார் கண்ட உண்மை. நுரையீரலிலே கோடிக்கணக்கான சிற்றறைகள் உள. சிறிய மூச்சு மட்டும் சென்றுகொண்டிருந்தால் அவற்றுட் சில மெல்ல மூடிக்கொள்ளும். இடையிடையே வரும் பெருமூச்சே அவற்றை மீளத் திறக்கின்றது. மார்பிலும் வயிற்றிலும் புண்ணுடன் கிடப்பவருக்கு அப்பெருமூச்சு வருவதில்லை. அறைகள் மூடுகின்றன, மூடிய இடத்திலே சளி தேங்குகின்றது, தேங்கிய சளியிலே கிருமி பெருகுகின்றது. நியூமோனியாக் காய்ச்சல் பிறப்பதற்குரிய வழிகளுள் இது முதன்மையானது. ஆகவே, இயற்கை நிறுத்திவிட்ட பெருமூச்சை நோயாளி தம் முயற்சியால் விட வேண்டும். அவருக்குக் கற்பிக்கப்படும் மூச்சுப் பயிற்சியின் உட்பொருள் இவ்வளவே.

இங்கே, அன்பின் பெயரால் நாம் செய்யும் தீங்கைச் சொல்லாமல் இருக்க இயலாது. கொழும்புப் பக்கத்துப் பெரிய வைத்தியசாலைகள் புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றன. கற்பிட்டியார்க்கு அதனினும் தொலைவு. அவ்வளவு தூரம் சென்று சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரைக் காணும்போது நம் நெஞ்சம் இளகுகின்றது. ஆள் அசையக்கூடாது, தையல் பிரிந்துவிடும் என்கின்றோம். இருமினால், இருமாதே என்கின்றோம். நேரே படுக்கவைத்துப் போர்த்துகின்றோம். தெம்பு வரட்டும் என்று கோப்பை நிறையச் சோறு கொடுக்கின்றோம். ஒவ்வொன்றும் அன்பு; ஒவ்வொன்றும் அவருடைய நுரையீரலுக்குப் பகை.

எங்கள் பக்கத்திலே கரைவலை இழுத்து வாழ்ந்த தொழிலாளி ஒருவரை இந்நிலையில் நான் பார்த்திருக்கின்றேன். சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தோள்மட்டும் துடிக்கக் கிடந்தார். இயன்மருத்துவப் பெண்பிள்ளை வந்து, "ஐயா, எழுந்து உட்காருங்கள், மூச்சை இழுங்கள், இருமுங்கள்" என்றார். மனைவியார் குறுக்கே நின்று, "மகளே, அவரை வருத்தாதே, விடு" என்று மன்றாடினார். அப்பெண்பிள்ளை கோபிக்கவில்லை. ஒரு தலையணையை மடித்து அவருடைய கையில் கொடுத்து, புண்ணின்மேல் அணைத்துப் பிடிக்கச் சொல்லி, "வலையை இழுக்கும்போது எப்படி ஐயா மூச்சுப் பிடிப்பீர்கள்?" என்று கேட்டார்.

கரைவலை இழுப்போர் அம்பாப் பாடல் பாடுவதை நேயர் பலர் அறிவர். உடப்பு அதற்குப் பேர்பெற்ற ஊர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடி இழுப்பர். பாட்டின் அளவிலே மூச்சும், மூச்சின் அளவிலே கயிறும் செல்லும். மூச்சு ஒழுங்கு தப்பினால் கை தளரும். அம்மனிதருக்கு அக்கேள்வி விளங்கிற்று. மூக்கால் மெல்ல இழுத்தார், சற்று நிறுத்தினார், வாயைக் குவித்து விட்டார். நாலாம் தடவையில் இருமல் வந்தது, சளியும் வந்தது. மனைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அன்று மாலை அவர் கதிரையில் இருந்தார். மறுநாள் இருவர் துணையுடன் விறாந்தையில் நடந்தார். பல கிழமைகளின் பின் வீடு திரும்பிய அவர் மீண்டும் வலை இழுக்கவில்லை; நிழலில் இருந்து வலை பொத்துகின்றார். எல்லார்க்கும் இவ்வாறே முடியும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. முயன்றும் மீளாதவர் உண்டு. ஆனால் முயலாது கிடப்பது பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு என்பதை அன்று அந்த அறையில் இருந்த யாவரும் உணர்ந்தனர்.

பயிற்சியின் முறை எளியது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலிலோ கதிரையிலோ நிமிர்ந்து இருத்தல் வேண்டும். ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, அக்கை எழும்படி மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, குவித்த வாயால் விடுதல் வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் பத்துத் தடவை செய்யும்படி பொதுவாகச் சொல்வர். சிறு பந்துகள் அடைத்த பிளாத்திக்குக் கருவி ஒன்றைச் சிலருக்குக் கொடுப்பர். அதன் குழாயை வாயில் வைத்து உள்ளே இழுக்கப் பந்துகள் எழும். ஊதுவதற்கன்று, இழுப்பதற்கே அக்கருவி என்பதை நினைவிற் கொள்க. இருமும்போது தலையணையைப் புண்ணின்மேல் அணைத்துக்கொண்டால் வலி குறையும். வலி தாங்க முடியாதிருப்பின் பொறுத்துக்கொண்டு கிடத்தல் வீரம் அன்று. தாதியிடம் சொல்லி மருந்து பெற்று, அதன்பின் பயிற்சி செய்தல் வேண்டும். வெட்டிய பக்கத்துத் தோளையும் கையையும் நாள்தோறும் உயர்த்தி அசைத்தல் வேண்டும். இன்றேல் தோள் இறுகி, மார்பின் விரிவையும் குறைக்கும்.

வீடு திரும்பிய பின்னும் சில ஒழுங்குகள் தொடரும். மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்தல் நன்று. உண்டவுடன் படுத்தல் ஆகாது. இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லட்டும். உறங்கும்போதும் தலைப்பக்கக் கட்டிற் கால்களின் கீழ் கட்டை வைத்து உயர்த்துதல் வேண்டும். நாள்தோறும் நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். காய்ச்சல், மூச்சுத் திணறல், நிறம் மாறிய சளி, மார்புவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்க. அவரவர் நிலைக்கு ஏற்ற மாற்றங்களை அவரவர் வைத்தியரே கூறுவர். அவர் சொல்லே முடிந்த சொல்.

சத்திரவைத்தியர்களும் மூச்சின் துன்பத்தைக் குறைக்கும் வழிகளைத் தேடிய வண்ணம் இருக்கின்றனர். விலாவை அகலத் திறவாமல், சிறு துளைகளின்வழி ஒளிக்குழாயையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் முறை அவற்றுள் ஒன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த வைத்தியர் பழனிவேலுவும் அவர்தம் குழுவினரும், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து இவ்வாறு செய்த 130 பேரின் அனுபவத்தை 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குப்புறக் கிடக்கும்போது நுரையீரல் தன் எடையாலேயே கீழ்நோக்கி விலகி, உணவுக்குழாய்க்கு வழிவிடுகின்றது. தமிழகத்து நகர் ஒன்றிலே வளர்ந்த இம்முறை உலகின் கவனத்தைப் பெற்றது நாம் மகிழத்தக்கது. 2012 ஆம் ஆண்டில் ஐரோப்பியர் வெளியிட்ட ஆய்வொன்றில், அகலத் திறந்து செய்யப்பட்ட 56 பேரில் 16 பேருக்கும், துளைவழி செய்யப்பட்ட 59 பேரில் 5 பேருக்கும் முதல் இரு கிழமைகளில் நுரையீரல் தொற்று ஏற்பட்டது. வேறுபாடு பெரிது. ஆயினும், எம்முறையிற் செய்தாலும் அதன்பின் மூச்சை இழுக்க வேண்டியவர் நோயாளியே. அவருக்காக வேறொருவர் அதனைச் செய்ய முடியாது.

சத்திரசிகிச்சைக்கு முன்னரே செய்யத்தக்கனவும் உள. நாள் குறித்த அன்றே புகைபிடித்தலை அறவே விடுதல் வேண்டும். சில கிழமைகள் முன்னதாகவே விடுவது மிகவும் நன்று. நடையும் மூச்சுப் பயிற்சியும் முன்பே தொடங்கினால், பின்னர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வலியின் நடுவே பாடம் கற்பது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியனாகிய நான் சொல்ல வேண்டுமோ?

இறுதியாக ஒன்று. சோறு நெஞ்சில் நிற்கின்றது என்று ஒருவர் சொல்வாராயின், அதனைச் சிறு செய்தியாக எண்ணற்க. சோறு இறங்காதபோது கஞ்சியும், கஞ்சி இறங்காதபோது நீரும் என்று உணவை மாற்றிக்கொண்டு மாதங்களைக் கழிப்போர் நம்மிடையே பலர். உணவுக்குழாய் பெரிதும் ஒடுங்கிய பின்னரே இக்குறி தோன்றும்; ஆதலின் தாமதிக்க நேரம் இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றியே கிடைக்கின்றது. நெஞ்சைத் திறந்தால் பிழைக்கமாட்டான் என்று அண்டை வீட்டார் கூறும் சொல்லுக்கு அஞ்சி மறுத்துவிடாது, ஆகுமா ஆகாதா என்பதை அறிந்தவரிடமே கேளுங்கள்.

அத்தகைய ஒருவரை நாளை நீங்கள் காணச் செல்வீர்களாயின், பழத்தோடு பொறுமையையும் கொண்டு செல்லுங்கள். அவரை உட்காரவைத்து, அவருடன் சேர்ந்து நீங்களும் பத்துத் தடவை மூச்சை ஆழ இழுத்து விடுங்கள். அவர் இருமினால் தடுக்காதீர்கள். தலையணையை எடுத்துக் கொடுங்கள்.